முடியக் கூடாத குளம்

குருண் கடைத்தெருவில் என் துணிக்கடைக்கு எதிரேதான் வடக்கே போகிற பெரிய சாலை. சண்டைக்கு முன்னால் அது கடைக்கு ராசியான சாலை. ஜப்பான்காரன் மலாய் நாட்டைப் பிடித்த பிறகு அதே சாலையைப் பார்க்கவே பயம். கடையில் சரக்கு தீர்ந்துவிட்டது. மிச்சம் இருந்தது காலி அலமாரி, வெள்ளைத் துணி ஒரு கட்டு, இரண்டு மூன்று துண்டு, அப்புறம் நான். வாங்க ஆள் இல்லாத கடையில் உட்கார்ந்து சாலையைப் பார்ப்பதுதான் வேலை. பார்த்தால் லாரி. லாரி நிறைய நின்றுகொண்டு போகிற ஆட்கள்.

சயாமில் ரயில் பாதை போடுகிறார்களாம். கொஞ்ச நாள் வேலை, நல்ல சோறு, நல்ல கூலி, முடிந்ததும் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள் என்று சொல்லித்தான் கூட்டிப் போனார்கள். நான் வியாபாரி வீட்டில் பிறந்தவன். ஒரு சரக்கை ஒருவன் இவ்வளவு புகழ்ந்தால் அதைத் தொடக் கூடாது என்று பால்குடி மறக்கும் முன்பே கற்றுக்கொண்டவன். போனவன் ஒருவனும் திரும்பி வந்து என் கடையில் ஒரு கைக்குட்டை கேட்கவில்லை.

புகழ்ந்து பார்த்து ஆள் சேராமல் போனதும் பிடிக்க ஆரம்பித்தார்கள். ஒரு சந்தை நாளில் தெருவின் இரண்டு பக்கமும் லாரியைக் குறுக்கே நிறுத்தினார்கள். கருவாடு வாங்க வந்தவர்களைக் கருவாட்டோடு ஏற்றினார்கள். நான் அலமாரிக்குப் பின்னால் நின்றேன். சரக்கு நிறைந்திருந்த காலத்தில் அங்கே ஒரு பூனைகூட நுழைய முடியாது. வியாபாரம் படுத்ததில் கிடைத்த ஒரே லாபம் அது.

மறுநாள் விடிந்ததும் கடையைப் பூட்டினேன். துணிக்கட்டை சைக்கிளில் வைத்துக்கொண்டு மெர்போக் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனேன். பண்டிகைக்குப் பண்டிகை சேலை கொண்டுபோய் விற்ற தோட்டம் அது. கூலிக் குடும்பங்கள் குடியிருக்கும் லயத்து வரிசையில் எல்லாருக்கும் என்னைத் தெரியும். விலையைக் குறைக்கத் தெரியாதவன் என்று தெரியும்.

தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை ஓடிப் போயிருந்தார். ரப்பர் வாங்க ஆள் இல்லை. மரங்களுக்கு நடுவே மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நட்டிருந்தார்கள். துரை பங்களாவின் சாவி பரஞ்சோதி கிராணியிடம் இருந்தது. கணக்கு எழுதி வந்த மனிதர், இப்போது தோட்டமே அவர் பொறுப்பு. பொறுப்பு என்றால், லாரி வரும்போது இத்தனை ஆள் என்று கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அவரை ஏற்றுவார்கள். என்னைப் பார்த்ததும் அவர் கண் தலையில் தொடங்கிக் கால்வரை இறங்கியது. துணியை விரித்துப் பார்க்கிறவர்கள் பார்வை எனக்குப் பழக்கம். ஆனால் துணியாக இருந்து பார்த்தது அன்றுதான்.

இவரிடம் ஏதாவது ஒன்றை விற்காமல் இங்கே இரவு தங்க முடியாது என்று தெரிந்துபோயிற்று. சுற்றிப் பார்த்தேன். வெயிலில் வள்ளிக்கொடி சுருண்டு கிடந்தது. பயிர் விளைச்சலைப் பார்க்க ஒரு ஜப்பான் அதிகாரி வருவார் என்றும், கொடி வாடினால் அவர் முகமும் வாடும் என்றும் கிராணி சொன்னார். சுங்கைப்பட்டாணி பட்டாள முகாமுக்கு இங்கிருந்துதான் காய்கறி போக வேண்டுமாம்.

அந்த நிமிஷத்தில் குளத்தை விற்றேன். வெட்டாத குளம். மேட்டுத் தண்ணீரை நிறுத்தி வைக்க ஒரு குளம் இருந்தால் முகாமுக்கு வருஷம் பூராவும் காய்கறி. அதிகாரிக்கு மேலே நல்ல பெயர். அவருக்குக் கிடைக்கிற பெயரில் கிராணிக்கும் ஒரு முழம். இதற்குப் பதில் அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். குளம் வெட்டுகிற ஆட்களை லாரிக்கு எடுக்கக் கூடாது என்று அதிகாரியிடம் வாக்கு வாங்க வேண்டும்.

"வெட்டி முடிக்க எவ்வளவு நாள் ஆகும்?" என்று கேட்டார் பரஞ்சோதி.

"சண்டை முடிய எவ்வளவு நாள் ஆகும்?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஆனால் கதவைச் சாத்தினார். பேரம் படிந்தால் ஆட்கள் முதலில் செய்கிற காரியம் அதுதான்.

அதிகாரி ஒத்துக்கொண்டார். மலாயில் குளத்துக்குக் கோலாம் என்பார்கள். நம்மிடம் வாங்கிய சொல்தான், திருப்பிக் கொடுக்கிற எண்ணம் அவர்களுக்கு இல்லை. அந்தச் சொல்லை அதிகாரி ஏற்கெனவே தெரிந்துவைத்திருந்தார். அவர் விவசாயி வீட்டுப் பிள்ளையாம். என் வெள்ளைத் துணியைப் பட்டை பட்டையாகக் கிழித்தோம். அவர் ஒவ்வொன்றிலும் சிவப்பு முத்திரை குத்தினார். அந்தப் பட்டையைக் கையில் கட்டியவன் குளத்து ஆள். அவனை எந்த லாரியும் தொடாது. லயத்தில் மண் வேலை தெரிந்த ஆண்கள் எல்லாரும் கட்டிக்கொண்டார்கள். நான் கட்டிக்கொள்ளவில்லை. கையில் அளவுகோல் இருந்தது, தினம் குழியை அளக்கிறவன், பெயருக்கு மேஸ்திரி, அது போதும் என்று நினைத்தேன். விற்கிற சரக்கைக் கடைக்காரன் உடுத்துவதில்லை, அந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

மண் ஆட்களுக்குத் தலைவன் இருளப்பன். அவன் அண்ணன் முதல் லாரியிலேயே போனவன். எந்தச் செய்தியும் இல்லை. இருளப்பன் அதைப் பற்றிப் பேச மாட்டான். சாலைப் பக்கம் எஞ்சின் சத்தம் கேட்டால் மட்டும் மண்வெட்டியை அப்படியே நிறுத்தி, சத்தம் கடந்து போகிறவரை நிற்பான். அவன் பெண்டாட்டி ராக்காயி மண் கூடை சுமக்கிறவள். அவளுக்குப் பேசாமல் இருக்க வராது.

முதல் சண்டையே இடம் குறிப்பதில் வந்தது. நான் சரிவின் உச்சியைக் காட்டினேன். செம்மண்ணும் சரளையும் இறுகிக் கிடந்த இடம்.

"அண்ணே, இது குளம் வெட்டுற இடமா?" என்றான் இருளப்பன். "தண்ணி கீழே நிக்குது, நீங்க மேட்டைக் காட்டுறீங்க. பார்க்கிறவன் காறித் துப்புவான்."

"கீழே வெட்டினா சீக்கிரம் தண்ணி வந்துரும். தண்ணி வந்தா வேலை முடிஞ்சுரும். முடிஞ்சா அப்புறம் என்ன வரும்?"

அவன் சாலைப் பக்கம் பார்த்தான். ஆனாலும் உச்சிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவனுக்கு மானம் இருந்தது. எனக்கு உயிர் பயம் இருந்தது. இரண்டையும் தராசில் வைத்துப் பேசிப் பேசி நடுச் சரிவில், ஒரு பட்டுப்போன ரப்பர் மரத்துக்குப் பக்கத்தில் முடித்தோம். அங்கேயும் ஊற்று வர வழியே இல்லை, மழை பிடித்தால்தான் உண்டு என்று அவன் சொன்னான். அதைக் கேட்டு மகிழ்ந்த முதல் குளத்துக்காரன் நானாகத்தான் இருப்பேன்.

மண் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. குழி வெட்டும்போது நடுவில் ஓர் இடத்தைத் தொடாமல், புல்லோடு அப்படியே விட்டுவிடுவார்கள். சுற்றிலும் ஆழம் போகப் போக அது ஒரு தூண்போல மேடாக நிற்கும். அதன் உச்சிதான் பழைய தரை. உச்சியிலிருந்து அடிவரை அளந்தால் எவ்வளவு வெட்டினோம் என்று தெரியும். இருளப்பன் ஆட்கள் அதைச் சாட்சி என்பார்கள். வெட்டுகிறவன் அதைத் தொடக் கூடாது. வேலை முடிந்து அளந்து சரிபார்த்த பிறகு, அளந்தவனேதான் அதை வெட்டிச் சாய்க்க வேண்டும். அது சாய்கிறவரை வேலை முடிந்ததாக யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

தொடக் கூடாது என்பது சட்டம். கூலி பேசி வெட்டிய காலத்தில், வேறெங்கோ புல்லோடு பெயர்த்த மண்கட்டியைக் கொண்டுவந்து இந்த மேட்டின் தலையில் ஒட்டி, தண்ணீர் தெளித்து வளர்த்து, வெட்டாத ஆழத்துக்கும் கூலி வாங்கியிருக்கிறார்கள். இதை இருளப்பனே ஒரு நாள் சொன்னான். நான் மரியாதையோடு கேட்டுக்கொண்டேன். எங்கள் தொழிலில் துணியை இழுத்து அளப்போம். மண்ணையும் இழுக்கலாம் என்று தெரியாமல் போயிற்று.

இப்போது வேண்டியது அதற்கு நேர் எதிர். அதிகாரி வரும்போதெல்லாம் கோடு போட்ட ஒரு மூங்கிலைக் கொண்டுவருவார். நான் அளந்ததைச் சரிபார்க்க, மேட்டின் தலையில் ஒரு கயிற்றைப் பிடித்துக் குழியின் அடிவரை அளப்பார். ஆழம் அதிகமானால் குளம் முடிந்துவிடும், லாரி வரும். ஆழம் அப்படியே இருந்தால் சோம்பேறிகள் என்பார், அப்போதும் லாரி வரும். அதிக விலை சொன்னாலும் போச்சு, குறைந்த விலை சொன்னாலும் போச்சு. வாங்க வந்தவர் எழுந்து போகாமலும் இருக்க வேண்டும், வாங்கி முடிக்கவும் கூடாது. ஒரு மத்தியானம் முழுக்க ஒரு வாடிக்கைக்காரியை அப்படி உட்கார வைத்திருக்கிறேன். மாதக் கணக்கில் செய்ததில்லை.

ஆட்களோ மெதுவாக வெட்டத் தெரியாதவர்கள். வயிறு காய்ந்து கிடந்தாலும் மண்வெட்டியைத் தூக்கினால் கை அதன் போக்கில் போய்விடும். ஒரு தடவை அதிகாரி வந்து போன சில நாளிலேயே குழி ஏகத்துக்கு இறங்கிவிட்டது. சாட்சியின் தலையைக் கொஞ்சம் சீவிவிடு, ஆழம் குறைந்து தெரியும் என்று இருளப்பனிடம் சொன்னேன்.

"அதை நான் தொட மாட்டேண்ணே."

"நீதானே மண் ஒட்டினேன்னு சொன்னே."

"கூட்டினது உண்டு. குறைச்சது கிடையாது. அளக்கிறவரு நீங்க, வேணும்னா நீங்க சீவுங்க."

ஆகையால் எல்லாரும் கஞ்சி குடிக்கப் போன நேரத்தில், காய் நறுக்குகிற கத்தியால் நானே மேட்டின் தலையைச் சீவி, புல்லைத் திரும்பப் பதித்துவைத்தேன். குழி சரிவில் இருந்ததால் கரையைப் பார்த்து ஆழத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம். சாட்சியைத்தான் நம்ப வேண்டும். அடுத்த தடவை அளந்தபோது அதிகாரி மூங்கிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சரளையைக் காலால் தட்டினார். மண் கெட்டி என்று அவரே சொல்லிக்கொண்டார். நான் அதைவிடக் கெட்டியாகத் தலையை ஆட்டினேன்.

இப்படியே போயிற்று. ராத்திரி படுத்தால் தூக்கம் வராது. காதில் எஞ்சின் சத்தம். எழுந்து உட்கார்ந்தால் தவளைச் சத்தம். காலையில் குழி ஓரம் போய் நின்று, ராத்திரியோடு ராத்திரியாக யாராவது வெட்டி முடித்துவிட்டார்களா என்று பார்ப்பேன்.

ராக்காயி ஒரு நாள் கூடையை இறக்கிவிட்டுக் கேட்டாள். "கடைக்காரண்ணே, குளம் வெட்டுறவங்க எல்லாரும் தண்ணி வரணும்னு வேண்டிக்குவாங்க. நாம மட்டும் வரக் கூடாதுன்னு வேண்டுறோமே, சாமி எதைக் கேட்டுக்கும்?"

சாமியும் ஒரு வியாபாரிதான், இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு நடுவில் முடிப்பார் என்றேன். அவள் நம்பவில்லை.

அவள்தான் சரி. சாமி நடுவில் முடிக்கவில்லை.

அன்று அதிகாரி வள்ளிக்கிழங்கு பார்க்க வந்திருந்தார். மோட்டாரை அந்தப் பக்கத்துச் சாலையில் நிறுத்திவிட்டு, கிராணியோடு கொடிகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார். குளத்துப் பக்கம் வருகிற நாள் இல்லை. குழிக்குள் இருளப்பன் சரளையைக் கடப்பாரையால் பெயர்த்துக்கொண்டிருந்தான். ஒரு கட்டியைப் புரட்டினான். அதன் கீழே வெள்ளைக் களி. களியில் கடப்பாரை சத்தமில்லாமல் இறங்கியது. அதை இழுத்தபோது அந்த ஓட்டையிலிருந்து தண்ணீர் வந்தது. முதலில் கலங்கலாக. அப்புறம் தெளிவாக. அவன் கால்விரலை நனைத்து, சாட்சியைச் சுற்றிக்கொண்டு ஓடியது.

இருளப்பன் கடப்பாரையைக் கீழே வைத்தான். குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கே ஒரு விநாடி எல்லாம் மறந்துபோயிற்று. அந்த விநாடியில் ராக்காயி குலவை போட்டாள். நாக்கைச் சுழற்றி, காடே அதிர. கூடை சுமந்த பெண்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். ஊற்றுத் திறந்தால் குலவை போட வேண்டும். அவர்கள் ஆத்தாள் போட்டிருக்கிறாள், அவள் ஆத்தாள் போட்டிருக்கிறாள். அந்தச் சத்தத்துக்கு நடுவே நான் கையை ஆட்டினேன். தாலி கட்டும்போது மேளத்தை நிறுத்தச் சொல்கிறவனை யார் கவனிப்பார்கள்?

குலவை தானாக ஓய்ந்தபோது, அதிகாரி கரையில் நின்றுகொண்டிருந்தார்.

ராக்காயி வாயைப் பொத்திக்கொண்டாள். "வாய் தானா போட்டுருச்சுண்ணே," என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

அதிகாரி பூட்ஸைக் கழற்றினார். காலுறையைக் கழற்றி மடித்து பூட்ஸுக்குள் வைத்தார். கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். ஊற்றின் மேல் பாதத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஒரு கை அள்ளிக் குடித்தார். அந்த மனிதர் சிரித்து அன்றுதான் பார்த்தோம். பல்லெல்லாம் தெரிய, ஊரில் வீட்டுக் கொல்லையில் நிற்கிறவர்போலச் சிரித்தார். இருளப்பன் தோளில் தட்டினார். பிறகு, "கோலாம் சூடா சியாப்," என்றார். குளம் முடிந்தாயிற்று.

கிராணியிடம் மலாயில் இன்னும் கொஞ்சம் பேசினார். கோபம் இல்லை, அவசரமும் இல்லை. நல்ல ஆட்கள், வேலை தெரிந்த ஆட்கள், சயாமில் இப்படிப்பட்டவர்கள்தான் வேண்டும், அடுத்த லாரியில் அனுப்பிவிடு என்றார். ஆட்களுக்கும் அந்த அளவு மலாய் தெரியும். இருளப்பன் கையில் கட்டியிருந்த பட்டையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டான். அதை அவிழ்க்கச் சொல்லிவிடுவார்களோ என்பதுபோல.

என் வாய் கடையைத் திறந்துவிட்டது. குளம் எங்கே முடிந்தது, இது வெறும் குழி என்று ஆரம்பித்தேன். கரை கட்டிக் கெட்டிக்க வேண்டும். சரிவு மண், முதல் பெரிய மழையில் கரை பிய்த்துக்கொண்டு வள்ளிக்கொடியை எல்லாம் அடித்துக்கொண்டு போகும். மதகு வைக்க வேண்டும். கரையில் புல் பதிக்க வேண்டும். அப்புறம் மீன். ஜாவாவிலிருந்து ஒரு மீன் கொண்டுவருகிறார்களாமே, எந்தத் தண்ணீரிலும் பெருகுமாமே, தஞ்சோங் டாவாய் செம்படவர்களே அதைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். முகாமுக்குக் காய்கறியோடு மீனும் போனால் எப்படி இருக்கும்? நான் தஞ்சோங் டாவாய்க்குப் போய் வருஷக் கணக்கு ஆயிற்று. அது அதிகாரிக்குத் தெரிய வேண்டிய விஷயம் இல்லை.

மீன் என்றதும் அவர் கண் மாறியது. யோசித்துக்கொண்டே கரையைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார், இங்கே மதகு, அங்கே கரை என்று மூங்கிலால் காட்டிக்கொண்டே.

அந்த நேரம்தான் எனக்கும் கிராணிக்கும் கிடைத்தது.

"எனக்கு ஆள் வேணும்," என்றார் பரஞ்சோதி, உதடு அசையாமல். "நீர் பாட்டுக்கு மீன் விற்கிறீர். வெறும் லாரி போனா என்னை ஏத்துவாங்க. எனக்கும் பிள்ளைகள் இருக்கு."

குழிக்குள் ஆட்கள் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எத்தனை பேர் என்று வாய் விட்டுச் சொல்ல முடியாது. சொல்லுகிற எண் எவன் தலையில் விழும் என்று ஒவ்வொருவனும் எண்ணுவான். தோளில் கிடந்த துண்டை எடுத்து என் வலது கைமேல் போட்டேன். ஊரில் மாட்டுச் சந்தையில் தரகர்கள் அப்படித்தான் பேசுவார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தால் விலை, வேடிக்கை பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. கிராணிக்குப் புரியுமோ என்று சந்தேகம். அவர் ஒரு நிமிஷம் துண்டையே பார்த்தார். பிறகு கையை உள்ளே விட்டார். அவர் அப்பா மாட்டுத் தரகர் என்பது அப்போதுதான் தெரிந்தது. பிடி அப்படி.

ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். ஐந்து ஆள்.

கட்டைவிரலை உருவினேன். கரையைக் கெட்டிக்க ஆள் வேண்டும் என்றேன். அவர் விட்டார். சுண்டுவிரலை உருவினேன். மதகு. விட்டார், ஆனால் நகத்தால் கீறிவிட்டு. புல் பதிக்க ஒருவன். அவர் பல்லைக் கடித்தார். மீன் பெருகினால் நீர்நாய் வரும், உடும்பு வரும், காவலுக்கு ஒருவன். அந்த விரலுக்கு வெகுநேரம் இழுத்தோம். வியர்வையில் கை வழுக்கியது. வெளியே பார்க்கிறவனுக்கு, இரண்டு பெரிய மனிதர்கள் ஒரு துண்டைக் காயவைப்பதுபோல இருந்திருக்கும். ஆட்டை, மாட்டை, சீட்டித் துணியை எல்லாம் பேரம் பேசிய விரல்கள். இந்தத் தடவை ஒவ்வொரு விரலுக்கும் ஒரு முகம் இருந்தது.

கடைசியில் ஒரு விரல் மிச்சம். அதை அவர் விடவில்லை. ஒரு ஆள் இல்லாமல் அவரால் முடியாது. அந்த ஒரு விரலில் அவர் பிள்ளைகள் எல்லாரும் தொங்கிக்கொண்டிருந்தார்கள். நான் இழுத்தேன். அவர் முறித்துவிடுவார்போலப் பிடித்திருந்தார்.

அதிகாரி திரும்பி வந்துவிட்டார். கையை எடுக்க நேரம் இல்லை. துண்டுக்கு அடியில் விரலைக் கொடுத்துவிட்டு, வாயால் அதிகாரியிடம் பேசினேன். கிராணியைத் தாண்டி மேலிடத்திலேயே முடித்துவிடுவது என்று. மண்வெட்டி பிடிக்கத் தெரிந்த கை ஒவ்வொன்றும் இந்தக் குளத்துக்கு வேண்டும், ஒரு கை குறைந்தாலும் மழைக்கு முன்னால் கரை எழும்பாது, கரை இல்லாமல் மீன் இல்லை என்றேன். நன்றாகத்தான் பேசினேன். அதிகாரி குழிக்குள் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"பாயிக்," என்றார். நல்லது. மண்வெட்டி பிடிக்கிறவர்கள் இருக்கட்டும்.

இருளப்பன் தோள் இறங்கியது. ராக்காயி கூடையின் மேல் உட்கார்ந்தாள்.

பிறகு அதிகாரி என் பக்கம் திரும்பினார். என் பாதத்தைப் பார்த்தார். மண் ஒட்டாத பாதம். வேட்டியைப் பார்த்தார். பட்டை இல்லாத கையைப் பார்த்தார். கிராணியிடம் ஒரு சின்னக் கேள்வி கேட்டார். இந்த ஆள் என்ன வேலை செய்கிறான்?

துண்டுக்கு அடியில் கிராணியின் பிடி தளர்ந்தது. சரக்கு கைக்கு வந்த பிறகு வாங்கினவன் கை அப்படித்தான் தளரும். அவருக்கு ஆள் கிடைத்துவிட்டான். அந்த விலையைப் பேசிக் கொடுத்தது நான்.

பேசியே பிழைத்தவன் என் பேச்சிலேயே மாட்டிக்கொண்டேன். மேஸ்திரி என்று சொல்லலாம். மண்வெட்டி பிடிக்கிறவன்தான் வேண்டும் என்று இப்போதுதானே அடித்துச் சொன்னேன்.

"கிராணி ஐயா." குழிக்குள்ளிருந்து இருளப்பன் பேசினான். அவன் குரலை உயர்த்தியதே இல்லை, அன்றும் உயர்த்தவில்லை. "சாட்சியை யாரு வெட்டுறது? நாங்க தொட மாட்டோம். தினம் அளந்த மேஸ்திரிதான் வெட்டணும். அது நிக்கிற வரைக்கும் குளம் முடிஞ்சதாக் கணக்குக் கிடையாது."

அதிகாரி, என்ன சொல்கிறான் என்று கேட்டார். கிராணி குழியைப் பார்த்தார். அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாற்றிச் சொன்னால் அவர்களுக்குத் தெரியும்; அவர் அந்த லயத்திலேயே குடியிருக்க வேண்டும். துண்டிலிருந்து கையை உருவிக்கொண்டு, உள்ளது உள்ளபடி மலாயில் சொன்னார்.

தண்ணீருக்கு நடுவே நின்ற மேட்டை அதிகாரி பார்த்தார். எத்தனையோ தடவை கயிறு பிடித்து அளந்த மேடு. அதன் தலை எப்படி இருக்கும் என்று எனக்கு அடுத்தபடியாகத் தெரிந்தவர் அவர்தான். கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்த்தார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பிறகு மூங்கிலை நீட்டி முதலில் என்னைக் காட்டினார், அப்புறம் மேட்டைக் காட்டினார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். இருளப்பன் மண்வெட்டியைக் கொடுத்தான். ஓங்கி ஒரு வெட்டு வெட்டினேன். மண்வெட்டி சரளையில் பட்டுத் துள்ளி வந்தது, இரண்டு தோளும் மரத்துப்போயின. மேட்டில் ஒரு கோடு விழுந்திருந்தது. ராக்காயி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அதிகாரி பார்த்துக்கொண்டே நின்றார். இரண்டாவது வெட்டு. மூன்றாவது. உள்ளங்கையில் தோல் உரிந்தது. நிறுத்தினால் என்ன ஆகும் என்று தெரியும், நிறுத்தவில்லை. அவர் காலைத் துடைத்து, காலுறையை மாட்டி, பூட்ஸ் வாரைக் கட்டி முடிக்கிறவரை வெட்டினேன். போகும்போது கிராணியிடம் ஏதோ சொன்னார். சாயங்காலம் பரஞ்சோதி ஒரு வெள்ளைப் பட்டையை என் முன்னால் போட்டுவிட்டுப் போனார். என் கடைத் துணிதான். அதைவிட நல்ல சரக்கை நான் தொட்டதில்லை.

அடுத்த லாரி எங்கள் லயத்துக்கு வரவில்லை. எங்கள் தோட்டத்திலேயே ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த டிவிஷனுக்குப் போயிற்று. கிராணி அன்றும் தன் வீட்டில்தான் தூங்கினார். ஆகவே அந்த ஒரு விரல் யாரோ ஒருவன்மேல் விழுந்திருக்க வேண்டும். யார் என்று நான் கேட்கவில்லை. இருளப்பனும் கேட்கவில்லை. அன்று முழுக்க அவன் கரையைக் கெட்டித்துக்கொண்டே இருந்தான், கெட்டித்த இடத்தையே திரும்பத் திரும்ப.

பிறகு மதகு வந்தது. கரையில் புல் பிடித்தது. மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீரோடு குஞ்சு மீன் வந்தது. அதிகாரி அதைத் தன் கையாலேயே குளத்தில் விட்டார். ஆனால் நடுவில் சாட்சி நின்றது. நான் அதை வெட்டிக்கொண்டிருந்தேன். எப்போது பார்த்தாலும் வெட்டிக்கொண்டிருந்தேன். வேலை தெரியாதவன், மெதுவாகத்தான் ஆகும் என்று அதிகாரியே விட்டுவிட்டார். என் அவலட்சணமான வெட்டு அந்த மட்டுக்கு உபயோகப்பட்டது.

இருளப்பன் இந்தத் தடவை சொல்லிக்கொடுக்கத் தயங்கவில்லை. கரையோரம் புல்லோடு கட்டியாகப் பெயர்க்க வேண்டும். அடிப்பக்கத்தை ஈரக் களியில் தோய்த்து, மேட்டில் வெட்டின இடத்தில் அழுத்தி வைக்க வேண்டும். மேலே தண்ணீர் தெளித்துவிட்டால் விடிவதற்குள் ஒட்டிக்கொள்ளும்.

"மண்ணிலேயும் கலப்படம் பண்ண வந்துட்டீங்களேண்ணே," என்றான், என் கையைப் பிடித்துக் கட்டியை நேராக்கிக்கொண்டே.

இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறேன். ஜாவா மீன் வந்து ஊறி உரிந்த கால்விரல்களைக் கடித்துப் பார்க்கிறது. சாலைப் பக்கம் எஞ்சின் சத்தம் கேட்டால் ஓங்கி வெட்டுகிறேன். சத்தம் மெர்போக் பக்கம் தேய்ந்து போகிறவரை வெட்டுகிறேன். போன பிறகு குனிந்து, விழுந்த மண்ணைத் தண்ணீருக்குள் துழாவி எடுத்து, மறுபடி மேட்டின் தலையில் வைத்து அழுத்துகிறேன். அழுத்தின கையை எடுக்காமல், அடுத்த சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக்கொண்டு நிற்கிறேன்.